டாங்கி சிமுலேட்டருக்கு ஏன் ஆள் சேர்வதில்லை?

யாழ்ப்பாணத்தில் கையில் போன் உள்ள பெடியளில் பலர் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருப்பார்கள். 2017இல் வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கேமில் இலங்கை லேலண்ட் பஸ்ஸுக்கான மோட் (கேமைச் செய்த நிறுவனம் அல்லாமல், விளையாடுகிறவர்களே அதன் கோப்புகளை மாற்றியோ கூட்டியோ செய்வது) போட்டு, நெற்றியில் 750 என்று இலக்கம் எழுதி, ஹோர்ன் சத்தத்தையும் மாற்றி, இந்தோனேசியத் தெருவில் பருத்தித்துறை பஸ் ஓட்டலாம். அதே போனில் ‘வேர்ல்ட் ஒஃப் டாங்ஸ் பிளிட்ஸ்’ என்ற டாங்கி கேமும் இருக்கக்கூடும். ஏழு பேருக்கு ஏழு பேர், சில நிமிடச் சண்டை, முடிந்தால் அடுத்தது.

ஆக, சிமுலேட்டர் (உண்மையான வாகனத்தை இயக்குவதுபோலவே இயக்கும் கேம்) என்றால் யாரும் பயந்து ஓடுவதில்லை, டாங்கி என்றாலும் வெறுப்பில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து டாங்கி சிமுலேட்டர் விளையாடுவோர் யார் என்று கேட்டால், கொக்குவில் முதல் கொடிகாமம் வரை தேடினாலும் கிடைக்கிறவர்கள் ஒரு ஓட்டோவுக்குள் அடங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. அதற்கு மோட் போட்டு விளையாடுவோர் என்றால் ஓட்டோவிலும் இடம் மிஞ்சும். இது எங்கள் ஊரின் குறை அல்ல. உலகம் முழுக்க இந்த வகைக் கேமுக்குக் கூட்டம் சின்னதுதான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு பிரிப்பு. டாங்கி வருகிற கேம் எல்லாம் சிமுலேட்டர் அல்ல. ‘வேர்ல்ட் ஒஃப் டாங்ஸ்’ 2010இல் ரஷ்யாவில் தொடங்கியது. 2013 ஜனவரியில் ஒரே சேர்வரில் ஒரே நேரத்தில் 190,541 பேர் விளையாடியது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதில் கமெரா டாங்கிக்குப் பின்னால், கொஞ்சம் மேலே நிற்கும். உங்கள் டாங்கியை நீங்களே வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். எதிரியைக் கண்டுபிடித்தவுடன் அவன் தலைக்கு மேல் பெயரும் உயிர்ப் புள்ளியும் வந்துவிடும். குண்டு பட்டால் புள்ளி குறையும். பூச்சியமானால் சரி, நீங்கள் வெளியே. உங்கள் டாங்கியால் 445 மீட்டருக்கு அப்பால் உள்ள எதிரியைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்தக் கேமின் விதி. அது ஒரு நல்ல விதி. எல்லாரையும் அருகருகே கொண்டுவந்து சண்டை பிடிக்க வைக்கிறது.

சிமுலேட்டர் இந்த வசதிகள் எதையும் தராது. 1999இல் ஜெர்மனியில் உருவான ‘பான்சர் எலீட்’, 2000இல் வந்த ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’, உக்ரேனின் கிராவிடீம் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த ‘ஸ்டீல் ஃபியூரி: கார்கோவ் 1942’, 2022இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளிவந்த ‘கன்னர், ஹீட், பீசி!’ ஆகியவை இந்த வகை. இவற்றில் உயிர்ப் புள்ளி என்று ஒன்று கிடையாது. குண்டு எந்தத் தகட்டில், எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் பட்டது என்று கணக்குப் போடுவார்கள். சோவியத் டி-34இன் முன் தகடு 45 மில்லிமீட்டர் தடிப்புத்தான். ஆனால் அது நிமிர்ந்து நிற்காமல் 60 பாகை சாய்ந்திருப்பதால், நேரே வரும் குண்டு 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்தாக வேண்டும். கடந்துவிட்டால் உள்ளே எதைத் தொட்டது என்பதே அடுத்த கேள்வி. சாரதியையா, குண்டு அடுக்கியிருக்கும் இடத்தையா, எஞ்சினையா? ஒரே குண்டில் எல்லாம் முடியலாம். மூன்று தடவை துளைபட்ட டாங்கி திரும்பி உங்களைச் சுடவும் செய்யலாம்.

“கடினமான கேம், அதனால் ஆள் இல்லை” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. ‘டீசீஎஸ் வேர்ல்ட்’ என்ற விமான சிமுலேட்டரில் ஏ-10சி விமானத்தின் எஞ்சினைக் கிளப்பவே டசின் கணக்கில் சுவிட்ச் தட்ட வேண்டும். அதற்கென்று ஜோய்ஸ்டிக், பெடல் எல்லாம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மெதுவான கேம் என்பதும் காரணம் ஆகாது. செக் நாட்டிலிருந்து 2012இல் வந்த ‘யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2’ல் மணிக்கணக்காக லொறி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

சரியான விடைக்குக் கிட்டப் போக ‘வார் தண்டர்’ உதவும். கைஜின் நிறுவனத்தின் அந்த இலவசக் கேமில் 2014இல் டாங்கிகள் சேர்க்கப்பட்டன. ஒரே டாங்கியை மூன்று முறையில் விளையாடலாம். ஆர்கேட் முறையில் குறியை எதிரி மேல் வைத்தால் குண்டு துளைக்குமா இல்லையா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் அதுவே சொல்லிவிடும். ரியலிஸ்டிக் முறையில் அந்த உதவி போய்விடும், ஆனாலும் டாங்கியை வெளியிலிருந்து பார்க்கலாம். சிமுலேட்டர் முறையில் கமெரா உள்ளே போய்விடுகிறது. டாங்கித் தலைவன் நிற்கும் இடத்திலிருந்து அவன் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் உங்களுக்கும். எதிரிக்கு மேலே பெயர் வராது. தவறிச் சுட்டால் சொந்த ஆளும் சாவான். அதே கேம், அதே டாங்கி, அதே இலவசம். இருந்தும் மூன்றிலும் ஆள் குறைவானது சிமுலேட்டர் முறைதான். விலையோ, படத்தின் தரமோ, விளம்பரமோ காரணமாக இருக்க முடியாத ஒரு சோதனை இது. பெரிதாக மாறியது ஒன்றுதான்: எவ்வளவு தெரிகிறது என்பது.

என் கணிப்பில் முழுக் கதையின் நடுத்தூணும் இதுதான். விமான சிமுலேட்டர் உங்களுக்கு வானத்தைத் தருகிறது. லொறி சிமுலேட்டர் வீதியைத் தருகிறது. டாங்கி சிமுலேட்டர் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததையும் பறித்துக்கொள்கிறது.

ஆனையிறவில் ஏ9 வீதியோரம், 1991 சண்டையில் புலிகள் பயன்படுத்திய கவச புல்டோசர் ஒன்று நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை யார் எந்த மனதோடு பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. இரும்புத் தகடு பொருத்திய அந்தப் பெட்டிக்குள் இருந்தவருக்கு வெளியே எவ்வளவு தெரிந்திருக்கும் என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்த டாங்கியிலும் நிலைமை அதிகம் வேறல்ல. கவசம் என்றால் சுவர். ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து, ஆகவே பார்க்கும் துவாரத்தைச் சின்னதாகவே வைப்பார்கள்.

இதைத் தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொதுவாகத் தூரம் பார்க்க இடமில்லை. ஒழுங்கை, வேலி, மதில், பனங்கூடல் என்று ஐம்பது மீட்டருக்குள் கண் எங்காவது முட்டிக்கொள்ளும். விதிவிலக்கு வல்லை வெளி. அங்கே வீதியோரம் நின்றால் நெல்லியடிப் பக்கமிருந்து வரும் 750 பஸ் முதலில் ஒரு புள்ளி. அது பஸ்ஸா லொறியா என்று சொல்லவே கொஞ்ச நேரம் எடுக்கும். இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த பஸ் வீதியில் வரவில்லை, பற்றைக்குள் அசையாமல் நிற்கிறது, அதன் நிறமும் பற்றையின் நிறம், அது உங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டது, நீங்களோ ஒரு சாண் அகலக் கண்ணாடித் துண்டு வழியாக அதைத் தேடுகிறீர்கள். டாங்கி சிமுலேட்டரில் பெரும்பகுதி நேரம் இதுதான் நடக்கும். தேடல். தேடல். அப்புறம் ஒரு சத்தம், திரை கறுப்பு.

கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றாலும் உடனே சுட முடியாது. எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டாங்கிகளில் தூரம் அளக்கும் லேசர் எல்லாம் இல்லை, கண்ணாடியில் கீறியிருக்கும் அளவுக்கோடுகளை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கோண அளவுக்கு மில் என்று பெயர். முழு வட்டத்தை 6,400 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில். அதில் உள்ள வசதி என்னவென்றால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு மீட்டர் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லாகத் தெரியும். ஆகவே பொருளின் அகலத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, கண்ணாடியில் தெரியும் மில்லால் வகுத்தால் தூரம் வந்துவிடும். பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். அது இரண்டு மில் அகலமாகத் தெரிந்தால் 1,250 மீட்டரில் நிற்கிறது. டி-34 சுமார் மூன்று மீட்டர் அகலம். இரண்டு மில்லாகத் தெரிந்தால் 1,500 மீட்டர்.

இவ்வளவும் எதிரி நேராக உங்களைப் பார்த்து நின்றால்தான். கொஞ்சம் திரும்பி நின்றால் அகலத்தோடு நீளமும் சேர்ந்து தெரியும். மூன்று மீட்டர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் அவன் உள்ளதைவிடக் கிட்ட நிற்பதாக விடை வரும், குண்டு அவனுக்கு முன்னாலேயே மண்ணில் விழும். ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு கணக்கு. ஜெர்மன் டைகர் டாங்கியின் 88 மில்லிமீட்டர்க் குண்டு நொடிக்கு 773 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 1,500 மீட்டர் போய்ச்சேர இரண்டு நொடிக்குச் சற்று மேல் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் குறுக்கே ஓடும் டாங்கி அந்த இரண்டு நொடியில் பதினொரு மீட்டர் தள்ளிப் போயிருக்கும், கிட்டத்தட்டத் தன் நீளத்தைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு முன்னால் வெறும் காற்றைக் குறிவைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு சரியாக அமைந்து, தொலைவில் ஒரு சின்னப் பொறி மின்னும்போது வருகிற மகிழ்ச்சியை உயிர்ப் புள்ளிக் கேம் எதுவும் தராது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு அங்கே என்ன தெரிந்தது? பத்து நிமிடம் ஒரு பற்றை தெரிந்தது. பிறகு ஒரு பொறி. இன்றைக்கு ஒரு கேம் பரவுவது யூடியூப் வழியாகவும் நேரலை வழியாகவும்தான். சந்தோஷம் முழுவதும் விளையாடுகிறவன் தலைக்குள் நடக்கிற கேமை வீடியோவாகக் காட்டி ஆள் சேர்ப்பது இலேசல்ல. தோல்வியிலும் இதே பிரச்சினை. மற்றக் கேமில் செத்தால் யார் கொன்றான், எங்கிருந்து கொன்றான் என்று காட்டிவிடுவார்கள். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இதில் பல தடவை யார் சுட்டது என்றே தெரியாமல் போகும். புதிதாக வந்தவன் எதைக் கற்றுக்கொள்வான்? இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் பஸ் ஓட்டப் போய்விடுவான்.

இன்னொரு சிக்கல் டாங்கியின் உடம்பிலேயே இருக்கிறது. பஸ்ஸுக்கு ஒரு சாரதி. சண்டை விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு விமானி. டைகர் டாங்கிக்கு ஐந்து பேர்: தலைவன், சூட்டாளன், குண்டு போடுகிறவன், சாரதி, வானொலிக்காரன். அமெரிக்க ஏப்ரம்ஸில் நான்கு பேர். பல தலைகள் சேர்ந்து செய்யும் வேலையைக் கணினிக்கு முன்னால் இருக்கும் ஒருவன் எப்படிச் செய்வது? கேம் செய்கிறவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, விசையைத் தட்டி இருக்கைக்கு இருக்கை தாவ வைப்பது. தலைவனாகத் தேடி, சூட்டாளனாகத் தாவிச் சுட்டு, மறுபடி தலைவனாகத் தாவி “பின்னால் எடு” என்று சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். மற்றது, மீதிப் பேரைக் கேமே இயக்குவது. அப்போது சாரதி மரத்தில் கொண்டுபோய் முட்டுவான். உண்மையிலேயே 76 மில்லிமீட்டர்ப் பீரங்கி கொண்ட ஆரம்ப கால டி-34இல் தலைவனே சூட்டாளனாகவும் இருந்தான். அது அந்த டாங்கியின் பெரிய குறைகளில் ஒன்று என்று போர் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். பயிற்சி பெற்ற படைவீரனுக்கே இரண்டு வேலை அதிகமாகிப்போனது, நாங்கள் எம்மாத்திரம்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே டாங்கியில் விளையாட வழி தரும் சிமுலேட்டர்களும் உண்டு. அது அருமையான அனுபவம். ஆனால் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் இருத்த வேண்டும். கூட்டம் சின்னது என்பதால் நினைத்த நேரத்தில் போய் ஆள் பிடிக்க முடியாது, முன்கூட்டியே பேசி வைத்துத்தான் சேர வேண்டும்.

செய்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. விமான சிமுலேட்டருக்கு வானம் பெரும்பாலும் வெறுமை. பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும்போது கீழே உள்ள பூவரச மரத்துக்கு எத்தனை கிளை என்று யாரும் எண்ணுவதில்லை. டாங்கிக்கு நிலமே எல்லாம். ஒரு மீட்டர் உயர மேடு உயிரைக் காப்பாற்றும். பற்றை மறைக்கும், ஆனால் குண்டைத் தடுக்காது. வயல் சேற்றில் சங்கிலிப் பட்டி புதையும். பல கிலோமீட்டர் நீள அகலத்துக்கு இப்படி ஒவ்வொரு மேடும் பள்ளமும் உண்மையாக வேண்டும். அதற்கு மேல், கணினி இயக்கும் எதிரிக்கு அந்த மேட்டின் பின்னால் ஒளிந்து பீரங்கியை மட்டும் நீட்டத் தெரிய வேண்டும். வீடு, மதில், வாய்க்கால் எல்லாம் அவனுக்கும் புரிய வேண்டும். இதைச் செய்ய நல்ல காசு தேவை. காசு கொடுக்கும் கூட்டமோ சின்னது. அதனால் படம் பழசாகத் தெரியும், மெனு குழப்பமாக இருக்கும், பயிற்சிப் பகுதி அரைகுறையாக நிற்கும். அதைப் பார்த்து வந்தவன் திரும்பிப் போவான், கூட்டம் இன்னும் சின்னதாகும்.

சரி, மோட் என்ன செய்கிறது? மோட் வந்தால் கூட்டம் பெருகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குச் சான்றும் இருக்கிறது. 1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’க்கு அடுத்த வருடம் ரசிகர்கள் செய்த மோட்தான் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’. 2012இல் ‘ஆர்மா 2’ என்ற இராணுவ சிமுலேட்டருக்கு ‘டேஸி’ என்று ஒரு மோட் வந்தது. நடைப்பிணங்கள் திரியும் நாட்டில் பீன்ஸ் டின் தேடி உயிர் பிழைப்பதுதான் கதை. அதை விளையாடவென்றே கனபேர் ‘ஆர்மா 2’ஐ வாங்கினார்கள்.

இந்த இரண்டும் செய்தது ஒரே காரியம். மூலக் கேமை விரும்பாத ஆளுக்கும் பிடிக்கிற வேறொரு கேமாக அதை மாற்றின. டாங்கி சிமுலேட்டர் மோடுகளில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் போகின்றன. ‘பான்சர் எலீட்’க்கு அது வந்து பல வருடங்களுக்குப் பிறகும் ரசிகர்கள் புதிய களங்களையும் டாங்கிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ‘ஸ்டீல் ஃபியூரி’க்கு எஸ்டிஏ என்ற பெரிய மோட் இருக்கிறது, மூலக் கேமில் இருந்த ஒருசில டாங்கிகளோடு பெரிய பட்டியலே சேர்ந்தது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் இந்த வகை மோடுகள் என்ன தருகின்றன? இன்னும் துல்லியமான குண்டுக் கணக்கு, இன்னும் சரியான அளவுக்கோடு, இன்னும் குறைந்த உதவி. ஏற்கெனவே உறைப்பான கறிக்கு இன்னும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போடுவது போன்றது. உறைப்புப் பிடித்தவர்கள் கொண்டாடுவார்கள், வெளியே நிற்கிறவன் உள்ளே வரமாட்டான்.

இதில் மோட் செய்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் தனக்குப் பிடித்ததைச் செய்கிறார், யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை. எவ்வளவு உழைப்பு என்று பாருங்கள். பஸ் மோடில் நிறம் மாற்ற ஒரு படம் வரைந்தால் போதும், போனிலேயே செய்துவிடலாம். டாங்கி சிமுலேட்டரில் ஒரு புதிய டாங்கியைச் சேர்ப்பதென்றால் வெளி உருவம், உள்ளே ஒவ்வொருவர் இருக்கை, சூட்டாளனின் கண்ணாடியில் உள்ள கோடுகள், ஒவ்வொரு தகட்டின் தடிப்பும் சாய்வும், ஒவ்வொரு குண்டும் எந்தத் தூரத்தில் எத்தனை மில்லிமீட்டர் துளைக்கும் என்ற அட்டவணை, எஞ்சின் சக்தி, கியர் விகிதம் எல்லாம் வேண்டும். இதற்குப் பழைய கையேடுகளைத் தேடிப் படிக்க வேண்டும். துல்லியப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம்: 2021இல் ‘வார் தண்டர்’ ஆட்டக்காரர் ஒருவர், பிரிட்டனின் சாலஞ்சர் 2 டாங்கி கேமில் பிழையாக இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக, அந்த டாங்கியைப் பற்றிய இரகசிய ஆவணத்தின் பகுதியையே பொதுவில் போட்டுவிட்டார். பஸ் மோட் செய்கிற ஒருவர் லேலண்ட் பஸ்ஸுக்காகச் சிறைக்குப் போகத் துணிவார் என்று நான் நினைக்கவில்லை.

பயன்படுத்துகிறவர் பக்கத்திலும் மோட் ஒரு வடிகட்டி. முதலில் மூலக் கேம் சொந்தமாக இருக்க வேண்டும். அதை ஓரளவு விளையாடி, இன்னும் வேண்டும் என்ற பசி வந்திருக்க வேண்டும். பிறகு எந்த மோட் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், எதற்கு மேல் எதைப் போட வேண்டும் என்று படிக்க வேண்டும். இந்தப் பழைய கேம்கள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் மோட் ஏறிவிடும் வசதி இல்லை. கோப்புகளைக் கையால் மாற்ற வேண்டும், அல்லது ஜேஎஸ்ஜிஎம்ஈ போன்ற சின்ன மென்பொருளால் போட்டு எடுக்க வேண்டும். விளக்கக் குறிப்பு சில வேளை ரஷ்ய மொழியில் இருக்கும். சின்னக் கூட்டத்தில் சின்னப் பகுதி, அதிலும் பொறுமை உள்ளவர்கள். அந்த மோடைச் செய்தவர் அலுத்து விலகினால் வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

அப்படியானால் இந்த வகை ஏன் அழியாமல் இருக்கிறது? ஒரு பெரிய காரணம், உண்மையான இராணுவங்கள். 1980இல் அட்டாரி ‘பட்டில்சோன்’ என்ற டாங்கி விளையாட்டை வெளியிட்டது. பச்சைக் கோடுகளால் வரைந்த மலையும் டாங்கியும்தான், ஆனால் அமெரிக்க இராணுவம் அதைப் பார்த்துவிட்டு, பிராட்லி கவச வாகனச் சூட்டாளருக்குப் பயிற்சி கொடுக்கும் வடிவத்தைக் கேட்டது. ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’ இந்தப் பாதையில் இன்னும் தூரம் போனது. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் படைகள் அதைப் பயிற்சிக்கு வைத்திருக்கின்றன. செலவைத் தாங்குவது பெரும்பாலும் அவர்கள். 2006இல் பொதுமக்களுக்காக வந்த பதிப்பு நூறு டொலருக்கு மேல் விற்றது, கூடவே யூஎஸ்பியில் செருகினால்தான் கேம் திறக்கும் ஒரு பூட்டுக் குச்சியும். படைகளுக்கென்று செய்ததை வீட்டுக்காரரும் வாங்கலாம் என்று விட்ட கதவு அது. கூட்டம் சேர்க்க வேண்டிய கட்டாயம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே சேர்க்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னும் சில தடைகள் கூடுதலாக உண்டு. பெரும்பாலானோர் கேம் விளையாடுவது போனில், இவையெல்லாம் கணினிக்கானவை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. நூறு டொலர்க் கேம் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரத்துக்குப் போனது. அந்த மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. ஒரு மணித்தியாலம் பதுங்கி நகர்ந்து குறிவைக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம், இந்த மண்ணில் டாங்கியின் சத்தம் கதையில் கேட்ட சத்தம் அல்ல. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு விளையாடாதீர்கள், ஹெட்செட் மாட்டிக்கொள்ளுங்கள். சில பேருக்கு ஹெட்செட்டோடும் இது பிடிக்காது. அதை நான் வாதாடப் போவதில்லை.

இவ்வளவையும் வாசித்த பிறகும் ஆசை வந்தால், காசு செலவழிக்காமல் தொடங்கலாம். ‘வார் தண்டர்’ஐ இறக்கி முதலில் ரியலிஸ்டிக் முறையில் ஒரே டாங்கியை எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். ஐந்தாறு டாங்கியை மாற்றி மாற்றி எடுத்தால் எதன் கண்ணாடிக் கோடும் மனதில் நிற்காது. தூரத்தைக் கேமிடம் கேட்காமல் மில் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு சிமுலேட்டர் முறைக்குப் போங்கள். அது ஒட்டிக்கொண்டால் ‘கன்னர், ஹீட், பீசி!’ நல்ல அடுத்த படி. பனிப்போர்க் காலத்து டாங்கிகள், லேசரும் குறிக் கணக்கைத் தானே போடும் கணினிப் பெட்டியும் உள்ளவையும் இருக்கின்றன. அதனால் தூரக் கணக்கின் பாரம் குறையும், தேடும் வேலை மட்டும் அப்படியே இருக்கும். ‘ஸ்டீல் ஃபியூரி’யையும் அதன் மோடுகளையும் கடைசிக்கு வையுங்கள்.

மோட் போடத் தொடங்கும்போது கேமின் மூலக் கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கேமைத் திறந்து பாருங்கள். மூன்றை ஒன்றாகப் போட்டுக் கேம் திறக்காமல் போனால் எது கெடுத்தது என்று தேடுவதிலேயே ஒரு சனிக்கிழமை போய்விடும்.